கணவாயின் இரு கரைகள்: இரண்டு சோலைக்கிளிகள், ஒரு வகைப்பாட்டுச் சிக்கல்

கோயம்புத்தூரில் ரயிலேறினால் வாளையாரைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பாலக்காடு வந்துவிடும். இருபுறமும் மலை தெரிந்தாலும் ரயில் மலையேறுவதில்லை. குஜராத் எல்லையிலிருந்து குமரி வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளும் மேற்குத் தொடர்ச்சி மலை, இங்கே மட்டும் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு அறுந்து கிடக்கிறது. வடக்கே நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர்; தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர். நடுவில் உள்ள தரையோ சில நூறு மீட்டர் உயரத்தைத் தாண்டாது. தென்மேற்குப் பருவக்காற்று கொங்கு நாட்டுக்குள் நுழைவதும் இந்த வழியாகத்தான்.

சிறகுள்ள உயிருக்கு 30 கிலோமீட்டர் ஒரு பொருட்டா என்று கேட்கலாம். சைபீரியாவிலிருந்து வாத்து வருகிறது, காஷ்மீரிலிருந்து ஈப்பிடிப்பான் வருகிறது. ஆனால் இந்த மலைகளின் உச்சிக் காடுகளில் தரையோடு தரையாக வாழும் ஒரு சின்னப் பறவை, லட்சக்கணக்கான ஆண்டுகளாக இந்த இடைவெளியைக் கடக்கவில்லை. கடக்காததால் அது இரண்டாகிவிட்டது. வடகரையில் இருப்பது நீலகிரிச் சோலைக்கிளி. தென்கரையில் இருப்பது வெண்வயிற்றுச் சோலைக்கிளி. கிளி என்ற சொல்லைப் பார்த்துப் பச்சை நிறத்தையும் வளைந்த அலகையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இவை சிட்டுக்குருவியளவே உள்ள, ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்த பறவைகள்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வயிற்றுப் பக்கம்தான் தெரியும். இரண்டுக்கும் தலை, முதுகு, மார்பு எல்லாம் கரும்பலகையின் நிறத்தில் நீலம் கலந்தாற்போல் இருக்கும். கண்ணுக்கு முன்னால் ஒரு கருந்திட்டு. குட்டை வால், நீண்ட கால். நீலகிரிப் பறவைக்கு விலாவிலும் வாலடியிலும் செம்பழுப்பு படர்ந்திருக்கும். வயிற்றின் நடுவில் மட்டும் வெள்ளை. தெற்குப் பறவைக்குச் செம்பழுப்பே கிடையாது. விலா சாம்பல் கலந்த நீலம், வயிறு வெள்ளை, நெற்றியிலிருந்து புருவம்போல ஒரு வெளிர்கோடு பளிச்சென்று ஓடும். ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், இந்த வேறுபாடு பாலைப் பொறுத்ததோ என்ற குழப்பத்துக்கு இடமில்லை.

இவ்வளவு தெளிவாக வேறுபட்ட இரு பறவைகளைப் பல பத்தாண்டுகள் ஏன் ஒன்றாக எண்ணிவந்தார்கள் என்பதுதான் இந்தக் கதையில் சுவையான பகுதி.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பிரிவில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன் நீலகிரிப் பறவையை 1840களில் விவரித்தார். அவருக்கு அது ரெட்ஸ்டார்ட் என்னும் செவ்வால் பறவைகளின் உறவாகத் தெரிந்தது. ஃபீனிக்யூரா மேஜர் என்று பெயர் வைத்தார். பிறகு வந்தவர்கள் அதைக் காலீன் என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய வில்லியம் பிளான்ஃபோர்டு, பழனி மலையிலிருந்து கிடைத்த வெண்வயிற்றுப் பறவையை 1868-இல் காலீன் அல்பிவென்ட்ரிஸ் என்று தனி இனமாகவே பதிவு செய்தார். அதாவது, விக்டோரியா காலத்து இயற்கையியலர்கள் இரண்டையும் இரண்டாகத்தான் பார்த்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் காற்று திசை மாறியது. ஒன்றுபோல் இருக்கும் பறவைகளை ஒரே இனத்தின் வட்டார வடிவங்களாகக் கொள்வது வழக்கமானது. சலீம் அலியும் டில்லன் ரிப்ளியும் சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிக் கையேட்டில் இவை பிராக்கிடெரிக்ஸ் மேஜர் என்ற ஒரே இனத்தின் இரு துணையினங்கள். பிராக்கிடெரிக்ஸ் என்பது இமயமலையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழும் குறுஞ்சிறகுப் பறவைகளின் பேரினம். குட்டையான சிறகு, நீண்ட கால், இருட்டான அடர்புதரில் தரையில் தத்தித் திரியும் வழக்கம் ஆகியவற்றைப் பார்த்தால் அந்த முடிவைக் குறை சொல்ல முடியாது. இமயத்திலிருந்து வந்து தெற்கே தங்கிப்போன ஒரு கிளை என்ற விளக்கமும் அதோடு சேர்ந்துகொண்டது.

2005-இல் பமேலா ராஸ்முசெனும் ஜான் ஆண்டர்டனும் தங்கள் தெற்காசியப் பறவைகள் நூலில் இரண்டு மாற்றங்களைச் செய்தார்கள். இரு துணையினங்களையும் மீண்டும் இரண்டு தனி இனங்களாக்கினார்கள். குறுஞ்சிறகுப் பேரினத்திலிருந்து எடுத்து, மையோமெலா என்ற ராபின் பேரினத்தில் வைத்தார்கள். முதல் முடிவு நிலைத்தது, இரண்டாவது நிலைக்கவில்லை.

அதைத் தீர்த்துவைத்தது மரபணு. விடியற்காலையில் புதர்களுக்கிடையே மெல்லிய வலை கட்டுவார்கள். சிக்கிய பறவையை விடுவித்து, அளவெடுத்து, காலில் வளையம் மாட்டி, இறக்கையின் அடிப்பக்க நரம்பிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக்கொண்டு பறக்க விட்டுவிடுவார்கள். ஜெர்டன் காலத்தில் ஒரு பறவையை வகைப்படுத்த அதைச் சுட வேண்டியிருந்தது. இப்போது ஒரு சொட்டு போதும். வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன், சி.கே. விஷ்ணுதாஸ், சுஷ்மா ரெட்டி முதலியோர் பல ஆண்டுகள் இப்படித் திரட்டிய மாதிரிகளை வைத்து 2017-இல் வெளியிட்ட முடிவு எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. இந்தப் பறவைகள் இமயத்துக் குறுஞ்சிறகுகளின் உறவும் அல்ல, மையோமெலா ராபின்களின் உறவும் அல்ல. மரக்கிளையில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும் நில்டாவா, நீல ஈப்பிடிப்பான் வகைகளுக்கு நெருங்கியவை. தரையில் வாழப் பழகியதால் உடலமைப்பு மாறி, வேறு குடும்பக் கிளையின் சாயலைப் பெற்றிருந்தன. அந்தச் சாயல்தான் 170 ஆண்டுகளுக்கு மேல் அறிஞர்களை ஏமாற்றியது.

பொருத்தமான பேரினம் ஏதும் இல்லாததால் புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டியிருந்தது. அப்படி வந்ததுதான் சோலிகோலா: நம் சோலையோடு, வாழ்வது என்ற பொருள் தரும் லத்தீன் விகுதி. இன்று நீலகிரிப் பறவை சோலிகோலா மேஜர். தெற்குப் பறவை சோலிகோலா அல்பிவென்ட்ரிஸ். இதே கட்டுரையில் இம்மலைகளின் சிலப்பன்களுக்கும் மான்டிசிங்க்லா என்ற தனிப் பேரினம் கிடைத்தது. உலகில் வேறெங்கும் இல்லாத இரண்டு பறவைப் பேரினங்கள் நம் மலை உச்சிகளில் இருந்தன என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. புலிக்கும் யானைக்கும் கிடைக்கும் தலைப்புச் செய்தி இதற்குக் கிடைக்கவில்லை என்பதை ஆதங்கமாகவே சொல்கிறேன்.

பாலக்காட்டுக் கணவாய் எல்லாப் பறவைகளையும் இப்படிப் பிரித்ததா? இல்லை. இதே குழுவினர் 2015-இல் இம்மலைத் தொடரின் 23 பறவை இனங்களை ஒருசேர ஆராய்ந்தபோது, 10 இனங்களில்தான் கணவாயின் இருபுறத்துக்கும் இடையே மிகப் பழைய பிளவு தெரிந்தது. மற்றவற்றுக்கு அது தடையாகவே இல்லை. பிளவுண்ட பத்தில் சில மட்டும், அகலமும் ஆழமும் குறைந்த வேறு பள்ளத்தாக்குகளிலும் பின்னாளில் மறுபடி பிரிந்திருக்கின்றன. சோலைக்கிளி அப்படிப்பட்டது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலை, அசம்பு மலைப் பகுதியில் உள்ள கூட்டம் வெண்வயிற்றுச் சோலைக்கிளியிலிருந்தே விலகி நிற்கிறது. 2017 கட்டுரை அதற்கு சோலிகோலா அசம்புவென்சிஸ் என்று தனிப்பெயர் கொடுத்தது. அதைத் தனி இனமாக ஏற்பதா, துணையினமாக வைப்பதா என்பதில் பறவைப் பட்டியல்களுக்குள் இன்னும் ஒருமனம் இல்லை. இதற்குக் கடைசியில் திரும்பி வருகிறேன்.

வாழிடத்தைப் பொறுத்தவரை இரண்டு பறவைகளும் ஒரே அச்சு. பெரும்பாலும் 1,400 மீட்டருக்கு மேல், சோலைக்காடு. மலை மடிப்புகளில், ஓடை ஓடும் பள்ளங்களில், குட்டையாக முறுக்கி வளர்ந்த மரங்கள் நெருக்கியடித்து நிற்கும். கிளையெல்லாம் பாசியும் ஆர்க்கிட்டும். வெளியே புல்வெளியில் வெயில் காய்ந்தாலும் உள்ளே பத்தடி வைத்தால் இருட்டு. இலைச்சருகு மட்கி ஈரமாகக் கிடக்கும். சோலைக்கிளிக்கு அந்தச் சருகுதான் சோறு: வண்டு, எறும்பு, புழு, அவ்வப்போது ஒன்றிரண்டு பழம். ஓடைக்கரையின் மண்பொந்திலோ மரப்பொந்திலோ பாசியை வைத்துக் கூடு கட்டும்.

இதைப் பார்க்க வேண்டுமென்றால் நடக்கக் கூடாது, நிற்க வேண்டும். ஊட்டியை ஒட்டிய கெய்ர்ன் ஹில் காட்டிலோ, கொடைக்கானல் ஊருக்குள்ளேயே இருக்கும் பாம்பே சோலையிலோ பொழுது சாயும் நேரத்தில் பாதையோரம் அசையாமல் நின்றால், முதலில் சருகு கிளறும் ஓசை கேட்கும். பிறகு புதரடியிலிருந்து கருநீலமாய் ஒன்று தத்திப் பாதைக்கு வந்து நிமிர்ந்து நிற்கும். இரண்டு தத்தல், ஒரு நிறுத்தம், சருகில் ஒரு கொத்து. ஆளைக் கண்டுவிட்டால் பறந்து மரத்துக்குப் போகாது. தாழவே ஓடிப் புதருக்குள் மறைந்துவிடும். சிறகிருந்தும் 30 கிலோமீட்டரைக் கடக்காததன் காரணம் அந்த ஓட்டத்திலேயே தெரியும்.

அச்சு ஒன்றானாலும் நிலம் ஒன்றல்ல. நீலகிரிச் சோலைக்கிளி நீலகிரியோடு வயநாட்டின் உயரங்கள், குடகை ஒட்டிய பிரம்மகிரி வரை பரவியிருக்கிறது. அதன் வீட்டின் நடுக்கூடமான நீலகிரிதான் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே முதலில் வெள்ளைக்காரர் குடியேறிய உச்சி. ஜான் சல்லிவன் 1820களில் உதகையை அமைத்த கையோடு விறகுத் தட்டுப்பாடு வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும், பின்னால் கற்பூர மரமும் வந்தன. தேயிலையும் சின்கோனாவும் தொடர்ந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடச் சீகைப் பட்டையும், செயற்கைப் பட்டிழை ஆலைக்குக் கற்பூர மரக்கூழும் தேவைப்பட, வனத்துறையே புல்வெளிகளில் நட்டுத் தள்ளியது.

வெண்வயிற்றுச் சோலைக்கிளியின் நிலம் ஆனைமலை, மூணாறு, பழனி மலை, மேகமலை என்று விரிந்தது. இரவிகுளம், ஆனைமலை கிராஸ் ஹில்ஸ், பாம்பாடும் சோலை, மதிகெட்டான் சோலை எனப் பாதுகாப்புக்குள் வந்த உயர்மலைப் பரப்பும் இங்கே கணிசம். 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமும் சேர்ந்துகொண்டது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இரவிகுளமும் வடக்கே முக்குர்த்தியும் வரையாட்டுக்காக ஏற்பட்ட தேசியப் பூங்காக்கள். வரையாடு புல்வெளி விலங்கு. அதன் குடை நிழலில் சோலைப் பறவை ஒதுங்கிக்கொண்டது.

சோலையும் புல்வெளியும் அடுத்தடுத்துக் கிடக்கும் இந்த அமைப்பு மனிதன் காட்டை எரித்ததால் வந்தது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். நீலகிரியின் சதுப்பு நிலக் கரியை ஆராய்ந்து ஆர். சுகுமாரும் சக ஆய்வாளர்களும் 1993-இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. இருபதாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் காடும் புல்லும் தட்பவெப்பத்துக்கு ஏற்பக் கூடிக் குறைந்திருக்கின்றன. கடைசிப் பனியூழியின் வறண்ட நூற்றாண்டுகளில் புல் மேலோங்கியிருந்தது. அப்படியானால் சோலைகள் சுருங்குவதைச் சோலைக்கிளிகள் முன்பே பார்த்திருக்கின்றன, பிழைத்தும் இருக்கின்றன. இப்போது மட்டும் என்ன புதிது?

வேகமும், இடையில் வந்து நிற்பதும்தான் புதிது. பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையே புல்வெளி 66 சதவீதமும் சோலை 31 சதவீதமும் குறைந்திருப்பதை எம். அரசுமணியும் ராபினும் மற்றவர்களும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018-இல் காட்டினார்கள். அடுத்த ஆண்டு மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டு செய்த கணக்கில், புல்வெளியில் 340 சதுர கிலோமீட்டர், அதாவது 23 சதவீதம், அயல் மரங்களுக்குப் போயிருந்தது. சோலையின் மொத்தப் பரப்போ பெரிதாக மாறவில்லை. இந்த இரண்டாம் செய்தியை மட்டும் படிப்பவர், சோலைக்கிளிக்குக் குறையொன்றுமில்லை என்று முடிவுகட்டிவிடுவார். அது தவறு. மொத்தம் மாறாதிருக்கும்போதே உள்ளூர்க் கூட்டம் ஒன்று அழிந்துபோக முடியும். சோலைகளுக்கு நடுவே தேயிலையும் சாலையும் விடுதியும் குடியிருப்பும் வந்தால், துண்டுகள் அதே அளவில் இருந்தாலும் ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்கு வழி போய்விடும்.

வழி போய்விட்டது என்பதற்கு இப்பறவைகளின் உடலிலேயே சான்று இருக்கிறது. இரு சோலைக்கிளிகளையும் ஒப்பிட்டு 2015-இல் வந்த இன்னொரு மரபணு ஆய்வு, பழங்காலப் பிளவுகளின் மேல் அண்மைக்காலக் காடழிப்பின் தடமும் பதிந்திருப்பதைக் காட்டியது. பாட்டிலும் அது கேட்கிறது. சோலைக்கிளியின் பாட்டு நீண்டது, ஏற்ற இறக்கங்கள் நிறைந்தது. பருவமழைக்கு முந்தைய மாதங்களில் விடியலில் சோலைக்குள்ளிருந்து விடாமல் வரும். சேத்தனா புருஷோத்தமனும் ராபினும் 2016-இல் பதிவு செய்து ஒப்பிட்டபோது, கணவாய் பிரித்த கூட்டங்களின் பாட்டு வேறுபடுவதோடு, சில பத்தாண்டுக் காடழிப்பு பிரித்த கூட்டங்களின் பாட்டும் வேறு வகையில் விலகியிருந்தது. கணவாய்க்கு எத்தனையோ யுகங்கள் தேவைப்பட்ட வேலையில் ஒரு பங்கைத் தோட்டப்பயிர் ஓரிரு தலைமுறையில் தொடங்கிவைத்திருக்கிறது.

இனிச் செம்பட்டியல். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் நீலகிரிச் சோலைக்கிளி ‘அருகிய இனம்’. வெண்வயிற்றுச் சோலைக்கிளி அதற்கு ஒரு படி கீழே, ‘அழிவாய்ப்புள்ள இனம்’. இரண்டையும் ஒரே இனமாகக் கருதிய காலத்தில், மொத்தமாக ‘அழிவாய்ப்புள்ள’ படியில்தான் வைத்திருந்தார்கள். வடக்குப் பறவையின் நெருக்கடியைத் தெற்குப் பறவையின் பரப்பு மறைத்து வைத்திருந்தது என்றே சொல்ல வேண்டும். வகைப்பாடு அருங்காட்சியக அலமாரியோடு முடிகிற வேலை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். எந்தப் பறவைக்குப் பணமும் கவனமும் போகும் என்பதை, அதை எந்தக் கோட்டுக்குள் வைத்தார்கள் என்பதே பாதி தீர்மானிக்கிறது.

இந்தப் படிகளை எப்படி வைக்கிறார்கள்? இவ்வகைப் பறவைகளுக்குப் பெரிதும் பயன்படுவது பரப்பு அளவுகோல். ஓர் இனம் காணப்படும் புள்ளிகள் எல்லாவற்றையும் சுற்றி வளைத்துக் கோடு போட்டால் கிடைக்கும் பரப்பு 20,000 சதுர கிலோமீட்டருக்குக் கீழே இருந்து, வாழிடம் சிதறுண்டும் குறைந்துகொண்டும் இருந்தால் ‘அழிவாய்ப்புள்ள’. 5,000-க்குக் கீழே இருந்தால் ‘அருகிய’. சமவெளிப் பறவைக்கு இது நியாயமான கணக்கு. மலையுச்சிப் பறவைக்கு அப்படியல்ல. மூணாறிலிருந்து மேகமலை வரை கோடு போட்டால், அதற்குள் இப்பறவை ஒருபோதும் கால்வைக்காத கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டமும் அடங்கிவிடும். உண்மையில் வசிக்கும் கட்டங்களை மட்டும் எண்ணும் இன்னோர் அளவும் உண்டு. ஆனால் அதுவும் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் பறவை போகிறதா என்று கேட்பதில்லை. ஆகவே தெற்குப் பறவை ஒரு படி பாதுகாப்பானது என்பதை நான் அப்படியே எடுத்துக்கொள்ளத் தயங்குகிறேன். மூணாறின் உயரங்களில் அது நன்றாகத்தான் இருக்கிறது. பழனி மலையின் கிழிபட்ட சோலைகளில் இருக்கும் அதே இனத்தின் நிலை, நீலகிரிப் பறவையின் நிலைக்குச் சற்றும் குறைந்த கவலை தருவதல்ல. ஒரே பெயர் இரண்டு நிலைமைகளை மறைக்கிறது. 2005-க்கு முன்னால் நடந்ததேதான், சிறிய அளவில்.

பாதுகாப்பு வேலைகள் நடக்காமல் இல்லை. அயல் மரங்களை அகற்றச் சென்னை உயர் நீதிமன்றம் திரும்பத் திரும்ப உத்தரவிட்டிருக்கிறது. வனத்துறையும் சீகையை வெட்டிப் புல்வெளியை மீட்கிறது. இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. பழனி மலையில் சோலை மரக்கன்று வளர்த்து அனுபவப்பட்டவர்கள், பல பத்தாண்டுகள் ஆன தோட்டங்களின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே முளைத்து மேலேறுவதைக் கண்டிருக்கிறார்கள். அத்தகைய இடத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டினால் வெயில் பட்டுக் கன்று கருகும், மண்ணில் உறங்கும் சீகை விதை கிளம்பும். புல்வெளியில் புதிதாகப் பரவும் சீகை வேறு, சோலையோரத்தில் கிழடுதட்டிய தோப்பு வேறு. முன்னதை வெட்டுவதில் தயக்கம் தேவையில்லை. பின்னதில் சோலைக்கிளியின் பக்கம் நின்று யோசித்தால், பொறுமையாகக் கிளை கழித்து, இரண்டு சோலைத் துண்டுகளை இணைக்கும் பாலமாக அதை மாற்றுவதே மேல்.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் 116 ஹெக்டேர் மட்டுமே உள்ள லாங்வுட் சோலை, 2024 ஜனவரியில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. ஊரார் காவல் காத்துவரும் சோலை அது. சோலையை ஈரநிலமாகப் பார்க்கத் தொடங்கியது நல்ல மாற்றம். கோத்தகிரி வட்டாரத்து ஊர்களுக்குத் தண்ணீர் அங்கிருந்து வருகிறது என்பதால் சோலைக்கு ஓட்டுரிமை உள்ள ஆதரவாளர்களும் கிடைக்கிறார்கள். அந்த அறிவிப்பில் சிறப்புயிர்களில் ஒன்றாக நீலகிரிச் சோலைக்கிளியைக் குறிப்பிட்டிருந்தார்கள், மையோமெலா மேஜர் என்ற பழைய பெயரில். ஏழாண்டு தாமதம் அரசுக் காகிதத்துக்குப் பெரிதல்ல.

தெற்கே அசம்பு மலைக் கூட்டத்தின் விஷயத்தில் அப்படிச் சிரித்துவிட்டுப் போக முடியாது. அதைத் தனி இனமென்று எல்லாப் பட்டியல்களும் ஏற்றுக்கொள்ளும் நாளில் வெண்வயிற்றுச் சோலைக்கிளியின் பரப்பு செங்கோட்டைக் கணவாயோடு நின்றுவிடும். ‘அழிவாய்ப்புள்ள’ என்ற அதன் படியை மறுபடி கணக்கிட வேண்டிவரும். புதிய இனத்துக்கு மிஞ்சுவது அகத்தியமலையைச் சுற்றிய சில உச்சிகள். அவற்றில் பெரும்பகுதி களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்திலும் கேரளத்தின் அடுத்தடுத்த சரணாலயங்களிலும் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. ஆனால் அந்த மலைகளின் உயரம் 1,900 மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. வெப்பம் கூடும்போது நீலகிரிப் பறவைக்கு மேலே ஏறிக்கொள்ள இன்னும் எழுநூறு மீட்டர் இருக்கிறது. அசம்புப் பறவைக்கு இல்லை.